மூக்கை நம்பாதீர்! – தோல் பதனிடும் சாலைக் குழிகளில் உறையும் நச்சுவளி

உழைப்பே உயர்வு தரும் என்பது உலகறிந்த உண்மை. ஆயின், உழைக்கச் சென்றவர் உயிரோடு இல்லம் திரும்ப வேண்டும் என்பது அதனினும் முற்பட்ட உண்மையாகும். கூலி, போனசு, விடுமுறை ஆகியவற்றைப் பற்றியெல்லாம் மேடைகளில் பேசுகிறோம். உயிர்ப்பாதுகாப்பைப் பற்றிய பேச்சோ ஒரு விபத்து நிகழ்ந்த மறுநாள் எழுந்து, மூன்றாம் நாள் அடங்கிவிடுகிறது. இந்நிலை மாற வேண்டும் என்னும் வேட்கையே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

தமிழ்த்துறை மலரில் வேதிப்பொருள் பற்றிய கட்டுரை எதற்கு என்று சிலர் வினவக்கூடும். இறுதிவரை படிப்போர்க்கு விடை தானே விளங்கும்.

தோலும் வாழ்வும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விசாரம், இராணிப்பேட்டை எனப் பாலாற்றுப் பகுதியில் தோல் தொழில் வளர்ந்த வரலாறு நாமெல்லாம் அறிந்ததே. ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் கொண்டு பதனிட்ட காலம் ஒன்று இருந்தது. பின்னர்க் குரோமியம் வந்தது; எந்திர டிரம்கள் வந்தன; ஏற்றுமதி பெருகியது. தோல் வணிகத்தில் ஈட்டிய செல்வத்தைக் கல்விக்கு ஈந்த பெருமக்களால் இப்பகுதியில் கல்விக்கூடங்கள் எழுந்தன. இத்தொழிலை இகழ்வது நம் நோக்கமன்று. அது நிலைபெற வேண்டும். அதில் உழைப்போரும் வாழ வேண்டும் என்பதே நம் விழைவு.

தோல் தொழிலின் தீங்கு என்றவுடன் நம் நினைவிற்கு வருவது பாலாறும் கெட்டுப்போன கிணறுகளுமே. 1991இல் தொடுக்கப்பட்ட வழக்கில் 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு வரலாற்றுச் சிறப்புடையது. ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போயிற்று என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வைச் சுட்டிய அத்தீர்ப்பு, மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற நெறியை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதியாக ஏற்றது. மண்ணுக்கும் நீருக்கும் ஏற்பட்ட கேடு இவ்வாறு நாடறிந்த செய்தியாயிற்று. ஆனால் அக்கழிவுநீர் தேங்கும் குழிக்குள் இறங்கும் மனிதனைப் பற்றி நாம் போதிய அளவு பேசவில்லை. குரோமியம் ஆண்டுக்கணக்கில் தீங்கு செய்வது. சில நிமிடங்களில் உயிரைப் பறிப்பது அக்குழியில் உறையும் மற்றொன்று. அதன் பெயர் ஹைட்ரஜன் சல்பைடு.

நச்சுவளி பிறக்கும் விதம்

பச்சைத் தோலிலிருந்து மயிரை நீக்கச் சுண்ணாம்பையும் சோடியம் சல்பைடையும் சேர்த்துப் பயன்படுத்துகின்றனர். இக்கரைசல் மிகுந்த காரத்தன்மை உடையது. அந்நிலையில் இருக்கும்வரை சல்பைடு பெரும்பாலும் நீரிலேயே கட்டுண்டு கிடக்கும். பதனிடுதலின் அடுத்த கட்டங்களில் ஒன்றில் உப்பும் கந்தக அமிலமும் கொண்ட நீரில் தோல் ஊறுகிறது. சுண்ணாம்புக் குழியின் கழிவும் இந்த அமிலக் கழிவும் ஒரே சாக்கடையில் கலக்குமானால், கட்டுண்டிருந்த சல்பைடு ஹைட்ரஜன் சல்பைடு வளியாக மாறி வெளிக்கிளம்பும். அமிலத் தன்மை மிகுதோறும் வளியும் மிகும்.

இது மட்டுமன்று. நாட்கணக்கில் தேங்கிய சேற்றில் காற்றின்றி வாழும் நுண்ணுயிர்கள் கழிவுநீரிலுள்ள சல்பேட்டைச் சல்பைடாக மாற்றுகின்றன. எனவே, எந்த அமிலமும் ஊற்றப்படாத பழங்குழியும் நஞ்சைச் சுமந்திருக்கக் கூடும். மேற்பரப்பு அமைதியாகத் தோன்றும். உள்ளே இறங்கியவர் சேற்றைக் கிளறிய கணத்தில் வளி பீறிட்டெழும். இவ்வளி காற்றைவிடக் கனமானது. ஆதலின் மேலே பரவி மறையாமல், குழியின் அடியிலேயே தங்கும். குனிந்து வேலை செய்பவரின் முகத்தருகே தங்கும். எளிதில் தீப்பற்றக்கூடியதும் ஆகும்.

நாற்றம் என்னும் பொய்க்காவல்

நாற்றம் என்னும் சொல் பண்டைத் தமிழில் நறுமணத்தையும் குறித்தது. காலப்போக்கில் அது தீய மணத்தை மட்டும் குறிக்கலாயிற்று. இதனை மொழியியலார் இழிபொருட்பேறு என்பர். சொல்லின் பொருள் மாறப் பல நூற்றாண்டுகள் ஆயின. இவ்வளியின் நாற்றமோ சில நிமிடங்களில் தன் பொருளை மாற்றிக்கொள்கிறது.

அழுகிய முட்டையின் நாற்றமுடையது ஹைட்ரஜன் சல்பைடு. பத்து இலட்சம் பங்கு காற்றில் ஒரு பங்கிற்கும் குறைவாக இருக்கும்போதே மூக்கு அதனை உணர்ந்துவிடும். ஆகவே, நாற்றம் வந்தால் ஆபத்து, நாற்றம் இல்லையெனில் ஆபத்தில்லை என்று தொழிலாளர் எண்ணுவது இயல்பே. ஈண்டுதான் கண்ணி வைக்கப்பட்டிருக்கிறது. வளியின் அளவு பத்து இலட்சத்தில் 100 பங்கை எட்டும்போது சில நிமிடங்களில் மோப்ப உணர்வு மரத்துப்போகிறது. நாற்றம் நின்றுவிட்டதாகத் தோன்றுகிறது. கெட்ட காற்று போய்விட்டது என்று நம்பி மேலும் ஓரடி இறங்குகிறார் தொழிலாளர். 500 பங்கிற்கு மேல் மயக்கமும் மூச்சுத்திணறலும் விரைந்து வரும். 1000 பங்கை நெருங்கினால் ஓரிரு மூச்சிலேயே சுருண்டு விழுவார். இந்தியத் தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணை எட்டுமணி நேரப் பணிக்கு வகுத்த சராசரி வரம்பு 10 பங்கு மட்டுமே என்பது ஒப்பிட்டு நோக்கத்தக்கது.

உடலுக்குள் இவ்வளி செய்யும் வேலை சயனைடு செய்யும் வேலையை ஒத்தது. மூச்சில் ஆக்சிசன் இருந்தும் உயிரணுக்கள் அதனைப் பயன்படுத்த இயலாமல் போகின்றன. மூளையும் நெஞ்சும் முதலில் தாக்குறும். குறைந்த அளவில் நாள்தோறும் சுவாசிப்போர்க்குக் கண் எரிச்சல், தலைவலி, இருமல் முதலியன தோன்றும். பெருந்தாக்குதலில் உயிர் பிழைத்தோர் சிலருக்கு நினைவாற்றல் குறைவு நீடிப்பதும் உண்டு.

இவ்வுண்மை நேற்றுக் கண்டறியப்பட்டதன்று. இத்தாலி நாட்டு மருத்துவர் பெர்னார்டினோ ராமசீனி 1700ஆம் ஆண்டில் தொழிலாளர் நோய்கள் பற்றி இயற்றிய நூலில், கழிவுக்குழி துப்புரவு செய்வோரின் கண்கள் வீங்கிப் பார்வை மங்குவதையும், அவர்கள் வைத்திருந்த நாணயங்கள் கறுத்துப்போவதையும் பதிவு செய்தார். நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு, நீ என்ன தொழில் செய்கிறாய் என்ற கேள்வியையும் மருத்துவர் சேர்த்துக் கேட்க வேண்டும் என வற்புறுத்தியவர் அவரே. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அக்கேள்வியை நம் மருத்துவமனைகளில் எத்தனை பேர் இன்று கேட்கின்றனர்?

காப்பாற்றச் சென்றவர் கதி

இவ்வகை விபத்துகளில் நெஞ்சை உலுக்கும் கூறு ஒன்று உண்டு. ஒருவர் குழிக்குள் விழுகிறார். அண்ணனோ, மைத்துனனோ, உடன் பணிபுரியும் நண்பனோ அதனைக் காண்கிறார். கண்டவர் கணமும் யோசியாது உள்ளே இறங்குகிறார். அவரும் விழுகிறார். மூன்றாமவரும் இறங்குகிறார். அமெரிக்கத் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு, நல ஆய்வு நிறுவனம் 1986இல் வெளியிட்ட எச்சரிக்கையில், அடைபட்ட இடங்களில் நேரும் மரணங்களில் 60 விழுக்காட்டிற்கும் மேற்பட்டவை மீட்கச் சென்றவர்களுடையவை என்று குறிப்பிட்டது. அன்பும் துணிவும் மிக்கவரே இங்கு முதலில் மாள்கின்றனர். அன்புக்கு வழிகாட்ட அறிவு உடனில்லாமற் போனதே இதற்குக் காரணம்.

முகத்தில் கட்டிய ஈரத்துணி இவ்வளியைத் தடுக்காது. சாதாரணத் தூசி முகமூடியும் தடுக்காது. தூய காற்றைத் தனிக் குழாய் வழியாகவோ முதுகில் சுமந்த கலன் வழியாகவோ தரும் மூச்சுக்கருவி ஒன்றே மீட்பவரைக் காக்கும்.

செய்யத்தக்கவை

முதலாவது, சல்பைடுக் கழிவும் அமிலக் கழிவும் ஒன்றோடொன்று சேராதவாறு தனித்தனி வடிகால்கள் வேண்டும். மாங்கனீசு உப்பை வினையூக்கியாகச் சேர்த்துக் காற்றைச் செலுத்திச் சல்பைடைத் தீங்கற்றதாக்கும் முறை நெடுங்காலமாக அறியப்பட்டதே. சல்பைடின் அளவைக் குறைக்கும் நொதிவழி மயிர்நீக்க முறைகளைச் சென்னையில் 1948இல் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியுள்ளது. நஞ்சு பிறவாமல் தடுப்பதே தலையாய காப்பாகும்.

இரண்டாவது, சோடியம் சல்பைடு மூட்டைகளை அமிலக் கலன்களின் அருகில் வைத்தல் ஆகாது. ஈரம்படாத இடத்தில் வைத்தல் வேண்டும். தோலையும் கண்ணையும் அரிக்கும் பொருளாதலின் அதனைக் கையாள்வோர்க்கு இரப்பர்க் கையுறையும் கண்ணாடியும் தேவை.

மூன்றாவது, குழியைத் துப்புரவு செய்ய இயன்றவரை எந்திரத்தையே பயன்படுத்த வேண்டும். இறங்கியே தீர வேண்டுமெனில், ஊதுவிசிறியால் காற்றைச் செலுத்தி, வளியளவியைக் கயிற்றில் கட்டி அடிவரை இறக்கி அளந்து, பொறுப்பாளர் ஒருவர் எழுத்து வழி இசைவு தந்த பின்னரே இறங்குதல் முறை. இறங்குவோர் இடுப்பில் வார்ப்பட்டை வேண்டும். அதன் கயிற்று முனையை வெளியில் ஒருவர் பற்றியிருக்க வேண்டும். இவை நம் கற்பனையல்ல. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 36ஆம் பிரிவு காற்று நீக்கம், எழுத்துச் சான்று, மூச்சுக்கருவி, கயிறு ஆகியவற்றை அன்றே வகுத்துரைத்தது. முக்கால் நூற்றாண்டுக்கு முன் சட்டத்தில் ஏறிய கயிறு, தொழிலாளியின் இடுப்பில் இன்னும் ஏறவில்லை என்றால் அது யார் குறை?

நான்காவது, ஒருவர் மயங்கி விழுந்தால் வெளியிலிருந்தே கயிற்றால் இழுக்க வேண்டும். 101, 108 எண்களை உடனே அழைக்க வேண்டும். மேலே கொணர்ந்தபின் காற்றோட்டமான இடத்தில் கிடத்தி, மூச்சு நின்றிருப்பின் பயிற்சி பெற்றவர் செயற்கைச் சுவாசம் அளித்தல் வேண்டும்.

அறிவு எம்மொழியில் உள்ளது?

இனித் தமிழ்த்துறையின் பங்கிற்கு வருவோம். மேற்கூறிய செய்திகளில் ஒன்றேனும் புதியதன்று. அனைத்தும் ஆங்கில நூல்களிலும் மூட்டைகளில் ஒட்டிய ஆங்கிலச் சீட்டுகளிலும் உள்ளன. அச்சீட்டைப் படிக்க வல்லவர் குழிக்குள் இறங்குவதில்லை. இறங்குபவரால் அதனைப் படிக்க இயலுவதில்லை. இவ்விடைவெளியே உயிர்களை விழுங்குகிறது என்பது நம் துணிபு.

தொழிலாளருள் பெரும்பான்மையோர் அறிந்த மொழியிலும் அறிவிப்புகள் இருக்க வேண்டும் என்று தொழிற்சாலைச் சட்டத்தின் 108ஆம் பிரிவு கூறிற்று. போபால் கொடுமைக்குப் பின் 1987இல் அச்சட்டம் திருத்தப்பட்டபோது, அபாயங்களைத் தொழிலாளர்க்கும் சுற்றுப்புற மக்களுக்கும் அறிவிக்கும் கடமை ஆலை நடத்துவோர் மீது சுமத்தப்பட்டது. அபாயத் தொழில்களின் பட்டியலில் தோல் பதனிடுதலும் இடம்பெற்றது. 2020இல் இயற்றப்பட்ட தொழில்சார் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் அக்கடமையைத் தொடர்கிறது. சட்டம் அறிவிக்கச் சொல்கிறது. விளங்கும் தமிழில் எழுதித் தருவது தமிழ் கற்றோர் பணியன்றோ? கலைச்சொல்லாக்கம் பற்றிக் கருத்தரங்குகள் நடத்தும் நாம், குழியின் வாயிலில் தொங்கவேண்டிய நான்கு வரிகளை எழுதித் தந்திருக்கிறோமா?

அவ்வரிகள் இவ்வாறு அமையலாம்:

குழிக்குள் நச்சுக்காற்று உண்டு. அளந்து பாராமல் இறங்காதீர்.
நாற்றம் நின்றால் ஆபத்து நின்றதாக நம்பாதீர்.
கயிறும் வெளியில் ஓர் ஆளும் இன்றி இறங்காதீர்.
விழுந்தவரைத் தூக்க உள்ளே குதிக்காதீர். கயிற்றை இழுங்கள், உதவியைக் கூவி அழையுங்கள்.

எழுத்தறியாதோர்க்கு இவற்றை வாய்மொழியாக ஓதிக்காட்ட வேண்டும். தமிழ் மட்டும் போதாது என்பதையும் ஒப்புக்கொள்வோம். 2015 சனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச்சேற்றுத் தொட்டி உடைந்து பத்துப்பேர் மாண்டனர். அது நச்சுவளியால் நேர்ந்ததன்று. சேற்று வெள்ளத்தால் நேர்ந்தது. மாண்டவருள் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். நம் தொழிற்சாலைகளில் இன்று யார் உழைக்கின்றனர் என்பதை அத்துயர் காட்டிச் சென்றது. இந்தியும் வங்காளமும் அறிந்தோர் துணையுடன் அம்மொழிகளிலும் அவ்வரிகள் எழுதப்படல் வேண்டும்.

நம் கடமை

மாணவச் செல்வங்களே! விடுமுறையில் ஓர் ஊரைத் தேர்ந்து, வேதியியல் துறை நண்பர்களையும் உடன் அழைத்து, இவ்வெச்சரிக்கைப் பலகைகளை எழுதித் தாருங்கள். தேர்வுக்கு எழுதும் கட்டுரையினும் அது பயனுடையதாகும்.

சமுதாயப் பெரியோர்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள். தங்களிடம் வேலைக்கு வந்தவரின் உயிர், அவர் பணி முடித்துத் திரும்பும்வரை தங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். வளியளவியும் ஊதுவிசிறியும் கயிறும் வாங்கும் செலவு ஏற்றுமதிக்கு அனுப்பும் சரக்கின் மதிப்பிற்கு முன் மிகச் சிறிது. குழி துப்புரவை ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிட்டோம் என்பதால் அப்பொறுப்பு நம்மைவிட்டு நீங்கிவிடாது. இறந்தபின் வழங்கும் உதவித்தொகை அக்குடும்பத்திற்குத் தந்தையைத் திருப்பித் தருவதில்லை.

அடுத்த குழி திறக்கப்படுமுன் அதன் வாயிலில் அந்நான்கு வரிகளும் அருகில் ஒரு கயிறும் இருக்கச் செய்வோமாக.