ரோமாபுரிச் சபையும் கோத்தகிரிக் கொழுந்தும்

கோத்தகிரிச் சரிவில் விவசாயி தேயிலைக்கு மருந்து அடிக்கிறார். அந்த மருந்து தூளில் எவ்வளவு மிச்சம் இருக்கலாம்? இதற்கு வரம்பு கட்டுகிற சபை ஒன்று உண்டு. அதன் பெயர் கோடெக்ஸ்.

உலக உணவு விவசாய ஸ்தாபனமும் உலக சுகாதார ஸ்தாபனமும் சேர்ந்து 1963-ல் அதை ஏற்படுத்தின. அதன் காரியாலயம் ரோமாபுரியில் இருக்கிறது. 1995-ல் உலக வர்த்தக ஸ்தாபனம் பிறந்த பிறகு, அந்த வரம்புகளுக்கு மதிப்புக் கூடிவிட்டது. சில நாடுகள் அதைவிடக் கடுமையான வரம்பும் வைத்திருக்கின்றன. வரம்பு மீறிய சரக்கு திரும்பி வந்தால் பாக்டரிக்கு நஷ்டம். பச்சைக் கொழுந்தின் விலை சரியும். கடைசியில் அடி விழுவது ஏழை விவசாயியின் வயிற்றில்தான்.

அந்தச் சபையில் ஓட்டு சர்க்காருக்குத்தான், வியாபாரிக்கு இல்லை. ஆனால் சர்க்காரிடம் சொல்ல வழி இருக்கிறது. குன்னூரில் தேயிலை வாரியத்தின் அலுவலகம் உண்டு. தோட்டக்காரர்களின் 'உபாசி' சங்கம் உண்டு. சிறு விவசாயிகளின் கூட்டுறவு பாக்டரிகளை இணைக்கும் 'இன்கோசர்வ்', 1965 முதல் இருக்கிறது.

சபையில் கூச்சல் எடுபடாது, ஆதாரம்தான் எடுபடும். நீலகிரி மழையிலும் பனியிலும் எந்த மருந்து எத்தனை நாளில் குறைகிறது என்று சோதித்து, அளந்து, கணக்கை டில்லிக்கு அனுப்ப வேண்டும்.

முயற்சி வீண் போகாது. இந்தியா எடுத்துச் சொன்னதன் பேரில்தான், மே 21 சர்வதேசத் தேயிலை தினம் என்று ஐ.நா. பொதுச்சபை 2019-ல் அறிவித்தது. தினத்தைப் பெற்றவர்கள் நியாயமான வரம்பையும் பெறலாம். சிறு விவசாயியும் பெரிய தோட்டமும் சேர்ந்து கேட்கட்டும். ஊர் கூடினால்தான் தேர் நகரும்!