இப்பதான் குடிச்சிட்டு வாரேன்

சாத்தூர்க் காப்பியின் ருசியைப் பற்றிப் பேச உட்கார்ந்தால், முதலில் தண்ணீர் வழக்கைத்தான் தீர்க்க வேண்டியிருக்கும். ஊரை ஒட்டி வைப்பாறு ஓடுகிறது என்பது பூகோளப் புத்தகத்துக்கு உண்மை. வருஷத்தில் முக்கால்வாசி நாள் அங்கே ஓடுவது மணல்தான். அந்த மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் கோரிக் கோரிக் குடத்தை நிரப்புவார்கள். அது நல்ல தண்ணி. தெருக்கிணற்றில் இறைப்பது உப்புத் தண்ணி. குளிக்க, பாத்திரம் கழுவ. எழுபதுகளில் எங்கள் பக்கம் ஒரு வீட்டுக் காப்பி நன்றாக இருக்கிறது என்றால், விடியுமுன் ஆற்றுக்குப் போய்வர அந்த வீட்டில் ஒரு பெண்பிள்ளை இருக்கிறாள் என்று அர்த்தம்.

எங்கள் வீட்டில் கருப்பட்டிக் காப்பி. பருத்திமாரை ஒடித்துப் போட்டு அடுப்பை மூட்டி, கருப்பட்டி கரைந்து கொதிக்கையில் தூளைத் தூவி, பொங்கியதும் இறக்கித் துணியில் வடிகட்டினால் முடிந்தது. கருப்பட்டியோடு பாலைக் கொதிக்கவிட்டால் திரிந்துபோகும். ஆகவே பாலில்லாத காப்பிதான் நல்லது என்பாள் அம்மா. பால் வாங்கக் காசில்லை என்பதை இதைவிடக் கௌரவமாகச் சொல்ல முடியாது.

அப்பாவுக்கு நிப்புப் பட்டறையில் வேலை. சாத்தூர் என்றால் இன்றைக்குக் காராச்சேவும் வெள்ளரியும்தான் ஞாபகம் வரும். அப்போது பேனா நிப்புக்கும் பேர்போன ஊர். தகட்டை வெட்டி, வளைத்து, நடுவில் பிளந்து, முனையைத் தேய்த்து அனுப்புவார்கள். பால்பாயிண்ட் பேனா வந்து அந்தத் தொழிலை உட்கார வைத்தது தனிக்கதை. சாரை எங்கள் குடும்பத்துக்குக் கொண்டுவந்து சேர்த்ததும் நிப்புதான். உயர்நிலைப் பள்ளி ஆசிரியர். கொஞ்சம் சாய்த்து எழுதுவார். அந்தச் சாய்வுக்கு ஏற்றபடி முனையைத் தேய்த்துத் தர ஊரில் அப்பா ஒருவர்தான் என்று நம்பினார். நிப்பு முடிந்த பிறகும் எழுந்து போகமாட்டார். அப்பா படித்தது நாலாம் வகுப்பு, சார் எம்.ஏ. இரண்டு பேருக்கும் பேசத் தீரவில்லை. காமராஜர் 1957-லும் 1962-லும் நின்று ஜெயித்தது எங்கள் தொகுதியில் என்பதால், அவரைப் பற்றி மட்டுமே பாதி ஆயுசுக்குப் பேச்சு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா சார் வீட்டுக்குப் போகும்போது நானும் போவேன். அப்பா திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். நான் பட்டாசாலையைத் தாண்டி நேரே அடுப்படிக்கு ஓடுவேன். சார் சம்சாரத்தைப் பெரியம்மா என்று கூப்பிடச் சொல்லியிருந்தார்கள்.

பித்தளை பில்டரை நான் முதலில் பார்த்தது அங்கேதான். மேலடுக்கில் பொடியைப் போட்டு, காம்பு வைத்த சல்லடைத் தட்டால் லேசாக அமுக்குவார். பலமாக அமுக்கினால் இறங்காது, அமுக்காவிட்டால் சாயத்தண்ணியாக இறங்கும். கொதிநீரைச் சுற்றி ஊற்றி மூடி வைத்ததும் நான் பக்கத்தில் காதை வைத்துக்கொள்வேன். முதல் சொட்டு விழ நேரமாகும். ரொம்ப நேரமானால் கரண்டிக் காம்பால் பில்டர் தலையில் ஒரு தட்டு. பொடி மதுரையிலிருந்து வரும். பீபரியும் பிளாண்டேஷன் ஏ-யும் பாதிக்குப் பாதி. சிக்கரி என்று யாராவது சொன்னால் பெரியம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். "அது வேருடா. வேரை வறுத்துப் பொடிச்சுக் காப்பின்னு தலையில கட்டுறான்." இன்றைக்கும் சிக்கரி கலந்த பொடியில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்றுதான் சட்டம். மிச்சம் 49 வேராக இருக்கலாம். பொட்டலத்தின் மூலையில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், மூக்குக் கண்ணாடியோடு தேடினால் கிடைக்கும்.

1975 ஜூலையில் பிரேசிலின் பரானா மாநிலத்தில் ஒரு உறைபனி விழுந்து காப்பிச் செடிகள் கருகிப்போயின. 1977-ல் உலகச் சந்தையில் காப்பி விலை உச்சத்துக்குப் போனது. நாம் குடித்தது பிரேசில் காப்பி இல்லை. இங்கே விளைந்ததெல்லாம் நாற்பதுகளிலிருந்தே காப்பி வாரியத்தின் வழியாகத்தான் விலைபோனது. ஆனாலும் பனி சாத்தூர் அடுப்படி வரைக்கும் வந்தது. முதல் டிக்காஷன் சாருக்கும் வந்தவர்களுக்கும். அதே பொடியில் மறுபடி வெந்நீர் ஊற்றி இறக்கியது பெரியம்மாவுக்கும் எனக்கும். கொஞ்ச நாளில் கடுகு டப்பாவுக்குப் பின்னால் ஒரு பொட்டலம் முளைத்தது. "யார்ட்டயும் சொல்லிறாத" என்று சொல்லி எனக்குச் சீனி ஒரு கரண்டி கூடப் போட்டார். அந்த வீட்டில் சிக்கரி புகுந்த ரகசியம் தெரிந்த ஒரே ஆள் நான். சாருக்குக் கடைசிவரை தெரியாது. காப்பி நன்றாகக் கெட்டியாக இருக்கிறது என்று பாராட்டிக்கொண்டிருந்தார்.

திண்ணைக்குக் காப்பி கொண்டுபோவது என் வேலை. சாருக்கு வட்டா டம்ளர். அப்பாவுக்குக் கண்ணாடி கிளாஸ். அது திண்ணைப் பிறையிலேயே கவிழ்ந்திருக்கும், நான் எடுத்துப் பிடிக்க பெரியம்மா உயர்த்தி ஊற்றுவார். குடித்து முடித்ததும் அப்பாவே அதைக் கழுவிப் பிறையில் கவிழ்த்துவிடுவார். அப்பா சுத்தமான ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கோ அவர்கள் வீட்டு டம்ளரிலேயே காப்பி. சின்னப் பிள்ளைகளுக்குச் சட்டம் இல்லை போலிருக்கிறது. ஏழாம் வகுப்புக்குப் போன வருஷம் என் காப்பியும் திண்ணைக்கு வந்துவிட்டது, கண்ணாடி கிளாஸில். யாரும் எதுவும் சொல்லவில்லை. சாதிப் பேர்களை இங்கே எழுத வேண்டியதில்லை. சாத்தூர்க்காரர்களுக்குத் தெருப் பேர் போதும்.

காப்பி தமிழ் வீடுகளுக்குள் பரவலாக வந்தே நூறு வருஷம் சொச்சம்தான் ஆகிறது. நீராகாரத்தை அது விரட்டியதையும், பெரியவர்கள் அதற்காகப் புலம்பியதையும் ஆ.இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' கட்டுரையில் விரிவாக எழுதியிருக்கிறார். எந்தச் சாஸ்திரத்திலும் இல்லாத பானம். அதற்கும் எவ்வளவு சுருக்காக ஒரு கிளாஸைத் தனியே எடுத்துவைத்துவிட்டோம்! 1957-ல் சென்னை திருவல்லிக்கேணி முரளி கபேயின் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியார் போராட்டம் நடத்தினார். மாதக்கணக்கில் நடந்து, கடைசியில் அந்தச் சொல் போனது. அதைச் சார் எங்கள் அப்பாவிடம் கை தட்டாத குறையாக மெச்சிச் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சொன்ன இடம் திண்ணை. அப்பா கையில் கிளாஸ் இருந்தது. ஆமா சார், ஆமா சார் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டபின் பெரியம்மா காப்பியின் ருசி குறைந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். மதுரையிலும் சென்னையிலும் பெங்களூரிலும் குடித்துப் பார்த்துவிட்டேன். அந்த ரெண்டாந்தண்ணிக்குக் கிட்டேகூட எதுவும் வரவில்லை.

பெரியம்மாவும் எங்கள் வீட்டுக்கு வருவார். இருக்கன்குடிக் கோயிலுக்குப் போய்த் திரும்பும் வழியில், மகள் கல்யாணத்துக்குச் சொல்ல, அம்மாவுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு. வருகிற சேதி தெரிந்தால் அம்மா பால் வாங்கிவரச் செய்வாள், நல்ல தண்ணிக் குடத்தைத் திறப்பாள், கருப்பட்டியை ஒதுக்கிவிட்டுச் சீனி டப்பாவை எடுப்பாள். காப்பி தயாராகி வரும்போது பெரியம்மா சிரித்துக்கொண்டே சொல்வார், "இப்பதான் குடிச்சிட்டு வாரேன்." வெள்ளரிப்பிஞ்சு கொடுத்தால் வாங்கி அங்கேயே கடிப்பார், வெற்றிலை போடுவார், பொழுது சாயும்வரை பேசுவார். காப்பி மட்டும் ஒரு தடவைகூட இல்லை. நாங்கள் மூன்று பிள்ளைகளும் கதவோரம் நின்று அந்த வார்த்தைக்காகத்தான் காத்திருப்போம். அவர் வேண்டாம் என்றால் பால் காப்பி எங்களுக்கு.

அம்மாவுக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது கேட்டேன்: ஒவ்வொரு தடவையும் மெனக்கெட்டுப் போட்டாயே, கோபம் வரவில்லையா?

"அவுக குடிக்க மாட்டாகன்னு எனக்குத் தெரியாதாடா? உங்க மூணு பேருக்கும் கணக்குப் பண்ணித்தானே பாலு வாங்குவேன்" என்றாள்.