கரடிக்குள் மந்திரம் தேடுபவர்கள்

இணையக் கடைகளில் உள்ளங்கைக்குள் அடங்கும் கல் கரடிகள் விற்கிறார்கள். பலவற்றில் வாயிலிருந்து நெஞ்சுவரை ஓர் அம்பு பதித்திருக்கும். ‘கரடி நோய் தீர்க்கும், மேஜையில் வைத்துக்கொள்ளுங்கள்’ என்று கீழே ஒரு விளக்கம். செதுக்கியவர் யார் என்று தேடிப் பாருங்கள், பாதிக் கடைகளில் பெயரே இருக்காது. எனக்கு எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான். ஒரு வரியை மாற்றினால்கூட மாற்றியவர் பெயர் பதிவாகிற மென்பொருள் தொழிலில் இருப்பவன் நான். ஒரு முழுக் கரடியைச் செதுக்கியவருக்குப் பெயர் கிடையாதா?

இந்தக் கரடிகள் ஜூனி மக்களுடையவை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தின் மேற்கு ஓரத்தில் வாழும் பூர்வகுடிகள் அவர்கள். 1879-இல் ஸ்மித்சோனியன் குழுவோடு அங்கே போன ஃபிராங்க் ஹாமில்டன் குஷிங் என்ற 22 வயது இளைஞர், பல ஆண்டுகள் அவர்களோடேயே தங்கிவிட்டார். இந்த விலங்குகளைப் பற்றி அவர் எழுதியது 1883-இல் வெளிவந்தது. அதில் ஒரு தொன்மம் இருக்கிறது. உலகம் ஈரமாக, இளசாக இருந்த காலத்தில் சூரியனின் இரட்டைப் பிள்ளைகள், மனிதரைத் தின்ற விலங்குகளை மின்னலால் அடித்துக் கல்லாக்கினார்கள். உடல் கல்லானாலும் இதயம் உள்ளே உயிரோடு இருக்கிறது. வடக்குக்கு மலைச்சிங்கம், மேற்குக்குக் கரடி, தெற்குக்கு வளைக்கரடி, கிழக்குக்கு ஓநாய், மேலே கழுகு, கீழே அகழெலி என்று ஆறு திசைக்கும் காவல்.

சடங்குக்குரிய கற்களை ஜாடியில் வைத்துச் சோளமாவு ஊட்டுவார்கள். அவை விற்பனைக்கு வருபவை அல்ல. சந்தைக்கு வருவது வேறு. உருவம் ஒன்றாக இருக்கலாம், ஆனால் அதற்குச் சடங்கு நடந்திருக்காது. விற்பதா, எதை விற்பது என்பதில் அவர்களுக்குள் வாக்குவாதம் இருந்தால் அதைத் தீர்ப்பதும் அவர்கள் வேலை. நம் ஆள் என்ன செய்கிறார்? அவர்கள் விற்காத ஒன்றை வாங்கிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார். கதவைச் சாத்திவிட்டுத் திண்ணையில் கடை போட்டால், திண்ணையையே கருவறை என்கிறார்.

அந்தப் பொருளுக்கு ஆங்கிலத்தில் இன்றும் ‘ஃபெட்டிஷ்’ என்றுதான் பெயர். மேற்கு ஆப்பிரிக்கக் கரையோரம் வணிகம் செய்த போர்த்துக்கீசியர், அங்குள்ளவர்களின் வழிபாட்டுப் பொருட்களைச் சூனியமாகப் பார்த்துச் சொன்ன சொல்லிலிருந்து வந்தது அது. இழிவாகத் தொடங்கிய சொல் இப்போது விலையைக் கூட்டும் சொல்லாகிவிட்டது.

இன்னொரு கூட்டம் உண்டு, ‘பழசுதான் அசல்’ என்கிறவர்கள். டால்ஃபினும் டைனோசரும் செதுக்கினால் ‘இது சுற்றுலாச் சரக்கு’ என்று உதட்டைப் பிதுக்குவார்கள். ஏன், பாலைவனத்துக்காரருக்குக் கடல் மீது ஆசை வரக்கூடாதா? 1966-இல் இறந்த லீக்யா டெயூஸ் செதுக்கிய திரட்சியான விலங்குகளை இன்று அருங்காட்சியகங்கள் போற்றுகின்றன. அவரும் சந்தைக்காகச் செதுக்கியவர்தான். இன்றைய சிற்பிகள் மின் அரவைக் கருவியில் வேலை செய்கிறார்கள், தொலைதூர நாட்டுக் கற்களையும் வாங்குகிறார்கள். கலை நகர்கிறது, அவ்வளவுதான். 1883-லேயே உறைந்து நிற்கச் சொல்ல நாம் யார்?

மந்திர மோகத்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் உண்டு, அது காசுக் கணக்கிலேயே தெரியும். பூர்வகுடிகள் செய்யாததை அவர்கள் செய்ததாகச் சொல்லி விற்பது அமெரிக்காவில் குற்றம். 1990-இல் வந்த சட்டப்படி, தனிநபருக்கு முதல்முறையே 2,50,000 டாலர் வரை அபராதமும் ஐந்தாண்டு வரை சிறையும் கிடைக்கலாம். அப்படியும் போலிகள் ஓயவில்லை. ஏனென்றால் ‘கரடியின் சக்தி’யை வாங்குபவருக்கு எந்தக் கரடியும் போதும். சக்தியைச் சோதித்துப் பார்க்கக் கருவி கிடையாது. கைவேலையை வாங்குபவரை அவ்வளவு சுலபமாக ஏமாற்ற முடியாது. அவர் பெயர் கேட்பார், கல் என்ன என்று கேட்பார், அதே கையின் மற்ற வேலைகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். போலி வியாபாரிக்கு ஆன்மிக விளக்க அட்டையைவிட நல்ல கூட்டாளி கிடையாது.

கல்தூசியை மூச்சில் வாங்கிக்கொண்டு, காதோரம், நகநுனி என்று ஒருவர் இழைத்துக்கொண்டிருக்கிறார். அந்த வருமானத்தை நம்பி அங்கே பல குடும்பங்கள் இருக்கின்றன. அவர் விற்பது சிற்பம். பிடித்திருந்தால் சிற்பமாக வாங்குங்கள். பெயர் சொல்லாத கடையில் வாங்காதீர்கள். உங்கள் முதுகுவலிக்கு டாக்டரைப் பாருங்கள், கரடியை விட்டுவிடுங்கள்.