‘அவர் பேரில் பதிவான துப்பாக்கி’ எங்கே இருக்கிறது?

அமெரிக்காவில் எங்காவது துப்பாக்கிச் சூடு நடந்தால் போதும், அன்றிரவே தமிழ்த் தொலைக்காட்சி விவாதத்தில் ஒருவர் அடித்துச் சொல்வார்: “துப்பாக்கி நம்பரை கம்ப்யூட்டரில் தட்டினால் யார் பேரில் பதிவாகியிருக்கிறது என்று அடுத்த நிமிடம் தெரிந்துவிடும்.” அண்மையில் இதைச் சொன்னவர் ஓய்வுபெற்ற காவல்துறை அதிகாரி. நெறியாளர் உட்பட எல்லோரும் தலையாட்டினார்கள். மொழிமாற்றுக் குற்றத் தொடர்களைப் பார்த்துப் பார்த்து ஊறிப்போன நம்பிக்கை இது. சுத்தப் பொய்.

எல்லாத் துப்பாக்கிகளையும் உரிமையாளர் பேரோடு வைத்திருக்கும் மத்தியப் பதிவேடு அமெரிக்காவில் கிடையாது. அப்படியொன்றை உண்டாக்கவே கூடாது என்று 1986ஆம் ஆண்டின் துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்புச் சட்டம் மத்திய அரசின் கையைக் கட்டிவைத்திருக்கிறது. இயந்திரத் துப்பாக்கி போன்ற சில வகைகளுக்கு 1934இன் சட்டப்படி தனிப் பதிவேடு உண்டு. சாதாரணக் கைத்துப்பாக்கி அதில் வராது. கடையில் வாங்குபவரின் பின்னணியை எஃப்.பி.ஐ. சரிபார்ப்பது உண்மைதான். ஆனால் தடையில்லை என்று பதில் போனபின், வாங்கியவரை அடையாளம் காட்டும் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் அழித்துவிட வேண்டும்.

அப்படியானால் போலீஸ் எப்படிக் கண்டுபிடிக்கிறது? மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க் ஊரில் துப்பாக்கி விவகாரங்களைக் கவனிக்கும் மத்திய அமைப்பான ஏ.டி.எஃப். துறையின் தேசியத் தடம்காணும் மையம் இருக்கிறது. அங்கிருக்கும் ஊழியர் முதலில் தயாரித்த நிறுவனத்தைக் கேட்கிறார், பிறகு மொத்த வியாபாரியை, பிறகு சில்லறைக் கடையை. கடைக்காரர் தன் அலமாரியிலிருந்து, வாங்கியவர் நிரப்பிக்கொடுத்த 4473 என்ற படிவத்தைத் தேடி எடுத்தால்தான் ஒரு பெயர் கிடைக்கும். கடை மூடப்பட்டிருந்தால் அதன் காகிதங்கள் பெட்டி பெட்டியாக இந்த மையத்துக்கே வந்திருக்கும். அவற்றைப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். ஆனால் பெயரைத் தட்டித் தேட முடியாது, பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு கிடைப்பது முதலில் வாங்கியவரின் பெயர் மட்டுமே. அவர் யாருக்கு விற்றார், அது எத்தனை கை மாறியது என்று அந்தப் படிவம் சொல்லாது.

“மத்திய அரசிடம் இல்லாவிட்டால் மாநிலத்திடம் இருக்குமே” என்பது அடுத்த பிடிவாதம். பென்சில்வேனியாவைப் பாருங்கள். அங்கே தனி நபர்கள் கைத்துப்பாக்கியை விற்பதானாலும் உரிமம் பெற்ற கடை வழியாகவோ ஷெரீப் அலுவலகம் வழியாகவோதான் கைமாற்ற வேண்டும். விற்பனை விவரம் மாநிலப் போலீஸின் பட்டியலில் ஏறும். அது பதிவேடுதானே? இல்லை. துப்பாக்கிப் பதிவேட்டை அந்த மாநிலச் சட்டமே தடைசெய்கிறது. இந்தப் பட்டியலும் பதிவேடுதான் என்று துப்பாக்கிக்காரர்கள் வழக்குப் போட்டபோது, 2004இல் மாநில உச்ச நீதிமன்றம் அதைப் பதிவேடாகக் கொள்ள முடியாது என்றது. கைத்துப்பாக்கிகள் எல்லாமே அதில் ஏறிவிடுவதில்லை. கணவன் மனைவிக்குக் கொடுத்தால், தகப்பன் மகனுக்குக் கொடுத்தால், பாட்டி பேத்திக்குக் கொடுத்தால் கடைக்குப் போகத் தேவையில்லை. வேறு மாநிலத்திலிருந்து குடிவருபவர் தன் துப்பாக்கியைப் பதிய வேண்டியதில்லை. பட்டியல் வைத்திருக்கும் மாநிலத்திலேயே இதுதான் நிலைமை என்றால், பட்டியலே இல்லாத டெக்சாஸில் எந்தக் கணினியில் எதைத் தட்டுவார் அந்த அதிகாரி? ஃபுளோரிடாவில் அப்படியொரு பட்டியலை வைத்திருப்பதே குற்றம்.

உண்மையில் பதியும் இடங்கள் சில உண்டு. ஹவாயில் துப்பாக்கி கைக்கு வந்த ஐந்து நாளுக்குள் மாவட்டப் போலீஸ் தலைவரிடம் பதிய வேண்டும். நியூயார்க்கில் உரிமத்திலேயே ஒவ்வொரு கைத்துப்பாக்கியும் ஏறியிருக்க வேண்டும். 1911இன் சல்லிவன் சட்டத்தில் தொடங்கிய கெடுபிடி அது. கலிபோர்னியாவில் தகப்பன் மகனுக்குக் கொடுத்தாலும் 30 நாளுக்குள் மாநில அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அதே தகப்பன், அதே மகன், பென்சில்வேனியாவில் இருந்தால் யாருக்கும் ஒரு வரி எழுத வேண்டாம். இதைப் போய் ‘அமெரிக்கச் சட்டம்’ என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுகிறார்கள். கஞ்சாவுக்கும் இதே கதி, மரண தண்டனைக்கும் இதே கதி. மாநிலத்தின் பெயரைக் குறிப்பிடாமல் அமெரிக்கச் செய்தி எழுதும் வழக்கத்தை நம் நாளிதழ்கள் எப்போது விடப்போகின்றன?

நம்மூர் அனுபவம்தான் கண்ணை மறைக்கிறது. இந்தியாவில் உரிமப் புத்தகத்தில் துப்பாக்கியின் எண் வரை ஏறியிருக்கும். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்கச் சொல்வார்கள். வண்டிக்கு ஆர்.சி. புத்தகம் போல அங்கேயும் ஒன்று இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இந்த நினைப்போடு டல்லாஸிலும் நியூஜெர்சியிலும் வாழும் தமிழர்களை எண்ணினால்தான் பதறுகிறது. ஊர் மாறிப்போகிற நண்பர் சோபாவோடு கைத்துப்பாக்கியையும் தள்ளிவிட்டு, “உன் பேருக்கு மாத்திக்கோ” என்கிறார். மாற்றித் தர டெக்சாஸில் அலுவலகமே கிடையாது. அதையே நியூஜெர்சியில் இருக்கும் மச்சானுக்கு நேராகக் கொடுத்தால் மத்தியச் சட்டப்படி குற்றம். மாநிலம் விட்டு மாநிலம் கைத்துப்பாக்கியை விற்பதோ பரிசளிப்பதோ, வாங்குபவரின் மாநிலத்திலுள்ள உரிமம் பெற்ற கடை வழியாகத்தான் நடக்க வேண்டும். மச்சானும் ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் முன்கூட்டியே போலீஸ் அனுமதி வாங்கியிருக்க வேண்டும்.

இன்னும் மோசம், எச்1பி விசாவிலும் மாணவர் விசாவிலும் இருப்பவர்கள். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, அவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதையே மத்தியச் சட்டம் தடுக்கிறது. யார் பேரில் இருக்கிறது என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. 2022இல் திருத்தப்பட்ட சட்டப்படி அதற்குத் தண்டனை 15 ஆண்டுவரை போகலாம். வரி தாக்கல் செய்வது எப்படி, விசா புதுப்பிப்பது எப்படி என்று கூட்டம் போட்டு விளக்கும் தமிழ்ச் சங்கங்கள் அடுத்த கூட்டத்தில் ஒரு வழக்கறிஞரை அழைத்து, தங்கள் மாநில விதியை அரை மணி நேரம் பேசச் சொல்ல வேண்டும்.