டெகார்ட்டின் சந்தேகமும் 15 மார்க்கும்

"டெகார்ட்டின் ஐய முறையை விளக்குக." இந்தக் கேள்வியைப் பார்க்காம நம்மூர்ல எம்.ஏ. தத்துவம் முடிச்சவங்க யாராவது இருந்தா பின்னூட்டத்துல கை தூக்குங்க. கனவு, ஏமாத்துற பேய், கோஜிட்டோன்னு வரிசையா எழுதினா 15-க்கு 12 நிச்சயம். எதையும் சும்மா நம்பாதேன்னு சொன்ன மனுஷனை, வாத்தியார் குடுத்த நோட்ஸை அப்படியே நம்பி எழுதி பாஸ் பண்றோம் :-)

என் சண்டை இதுதான். தத்துவவாதிகள் என்ன சொன்னாங்கன்னு படிக்கிறோம், எப்படி வேலை செஞ்சாங்கன்னு படிக்கிறதில்ல. வேதியியல் எம்.எஸ்சி.க்கு லேப் இல்லாம பட்டம் குடுத்தா சும்மா இருப்போமா? "தத்துவத்துக்கு ஏதுங்க லேப்?"னு கேப்பீங்க. இருக்கு.

1963-ல கெட்டியர்னு ஒருத்தர் மூணே பக்கத்துல ஒரு கட்டுரை போட்டார். தகுந்த காரணத்தோட நம்புற உண்மைதான் அறிவுங்கிற வரையறைக்கு எதிரா ரெண்டு குட்டிக் கதை, அவ்ளோதான். அதைவிட எளிய உதாரணம் ரஸ்ஸல் 1948-லயே சொன்ன கடிகாரம். நின்னுபோன கடிகாரத்தைப் பார்த்து மணி 4-ங்கிறீங்க. தற்செயலா அப்போ மணி 4-தான். நம்பிக்கை இருக்கு, காரணம் இருக்கு, விஷயமும் உண்மை. ஆனா உங்களுக்கு மணி 'தெரியும்'னு சொல்ல மனசு வருதா? வரல இல்ல? அதுதான் லேப். 8-ம் நூற்றாண்டு பௌத்தர் தர்மோத்தரர் கானலை வெச்சு இதே வேலையைச் செஞ்சிருக்கார். கானலைத் தண்ணின்னு நம்பிப் போறான், போன இடத்துல பாறைக்கடியில நிஜமாவே தண்ணி!

சரி, அந்த மனசு எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் சொல்லுதா? 2001-ல வைன்பர்க், நிக்கோல்ஸ், ஸ்டிச் மூணு பேரும் அமெரிக்காவுல மாணவர்கள்கிட்ட கேட்டுப் பார்த்து, கிழக்காசிய, இந்தியத் துணைக்கண்டப் பின்னணி உள்ளவங்க பதில் வேற மாதிரி வருதுன்னாங்க. 2017-ல மஷெரியும் அவர் கூட்டாளிகளும் பிரேசில், இந்தியா, ஜப்பான், அமெரிக்கான்னு நாலு நாட்டுல கேட்டா, பெரும்பாலும் 'இது அறிவு இல்ல'ங்கிற பதில்தான். நடுவுல 2007-ல வில்லியம்சன் வந்து, இதுல தனி உள்ளுணர்வு ஒண்ணும் கிடையாது, 'இப்படி நடந்திருந்தா?'ன்னு தினமும் யோசிக்கிறோமே அதே திறமைதான்னு புத்தகமே போட்டார். நம்மாளுங்க பதிலையும் சாட்சிக்கு இழுத்து நடக்குற சண்டை இது. நோட்ஸ் மட்டும் படிச்சவனுக்கு எதுக்கு அடிச்சுக்கிறாங்கன்னே புரியாது.

"முறைக்குத் தனிப் பாடம் எதுக்கு? நீச்சல் குதிச்சாத்தான் வரும்"னு சொல்றவங்க உண்டு. பாதி சரி. குதிக்க விடணுமே சாமி! கரையில உக்கார வெச்சு நீச்சல் வரலாறு இல்ல நடத்துறீங்க?

"இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம்"ங்கிறவங்க மணிமேகலையோட 29-வது காதையைப் புரட்டுங்க. எது ஒழுங்கான அனுமானம், எது போலின்னு வகை பிரிச்சுச் சொல்லுது. சித்தியார்ல பரபக்கம் எதுக்கு முதல்ல வருது? எதிராளி கட்சியைச் சொல்லாம தன் கட்சியை ஆரம்பிக்கக் கூடாதுன்னுதானே. அதையும் பக்கப்போலி, ஏதுப்போலின்னு பட்டியல் மனப்பாடம் பண்ண வெச்சே கொன்னுட்டாங்க.

நான் கேக்குறது ஒரு செமஸ்டர், ஒரே ஒரு பேப்பர். வாரம் ஒரு சின்னக் கட்டுரை. எழுதினவர் வாதத்தை அவரே ஒத்துக்கிற மாதிரி முதல்ல சொல்லணும், அப்புறம் ஒரு எதிர்க்கதை சொந்தமா எழுதணும், அதைப் பக்கத்து பெஞ்சுக்காரன் உடைக்கணும். சுருக்கி எழுதுறதுக்கு மார்க் கிடையாது. முதல் வாரத்துக்கு கெட்டியர் போதும், மூணு பக்க ஜெராக்ஸ்தான் செலவு.