பள்ளிப் புஸ்தகசாலையின் சாவி யாரிடம்?

பள்ளிக்கூடங்களில் புஸ்தகசாலை இருக்க வேண்டும் என்பதில் இன்று யாருக்கும் ஆட்சேபணை இருப்பதாகத் தெரியவில்லை. மந்திரிகளும் வேண்டும் என்கிறார்கள். கல்வி அதிகாரிகளும் வேண்டும் என்கிறார்கள். பெற்றோர்களும் வேண்டாம் என்று சொல்லுவதில்லை. சட்டமும் அப்படியே சொல்லுகிறது. 2009-ம் வருஷத்தில் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில், ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு நூலகம் இருக்க வேண்டும் என்றும், அதில் பத்திரிகைகளும், எல்லாப் பாடங்களையும் பற்றிய புஸ்தகங்களும், கதைப் புஸ்தகங்களும் இருக்க வேண்டும் என்றும் எழுதப்பட்டிருக்கிறது. 2018-ல் வந்த சமக்ர சிக்ஷா திட்டத்தில், சர்க்கார் பள்ளிகளின் நூலகங்களுக்குப் பள்ளியின் தரத்துக்கேற்ப வருஷத்துக்கு 5,000 ரூபாய் முதல் 20,000 ரூபாய் வரையில் கொடுக்க ஏற்பாடு செய்யப்பட்டது. ஆகவே சட்டம் இருக்கிறது; பணமும் ஏதோ கொஞ்சம் இருக்கிறது; புஸ்தகமும் இருக்கிறது. பின் இல்லாதது என்ன என்று கேட்டால், பீரோவின் சாவிதான் இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

சென்ற வருஷம் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்த எழுத்தாளர் வருகை விழாவுக்கு நம்மையும் அழைத்திருந்தார்கள். ஊர்ப் பெயரும் பள்ளியின் பெயரும் இங்கு வேண்டியதில்லை. ஏனெனில் குற்றம் அந்த ஒரு பள்ளியுடையது மாத்திரமல்ல. பந்தல் போட்டிருந்தார்கள், ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை வகித்தவர்கள் ஐவரின் பிரசங்கம், ஒவ்வொருவருக்கும் ஒரு பொன்னாடை என்று இரண்டு மணி நேரம் ஓடிற்று. பந்தலுக்குள் பெரியவர்கள், வெயிலில் பிள்ளைகள். கடைசியாக எழுத்தாளருக்குப் பதினைந்து நிமிஷம் கிடைத்தது. அவர் எழுந்து, "நான் எழுதியதில் எதையாவது படித்தவர்கள் கை தூக்குங்கள்" என்றார். ஒரு கையும் எழவில்லை. ஆனால் அவருடைய புஸ்தகங்களில் இரண்டு அதே பள்ளியின் பீரோவுக்குள் கண்ணாடிக்குப் பின்னால் இருந்ததை நாமே கண்ணால் பார்த்தோம். விசாரித்ததில், பீரோவின் சாவி ஒரு உபாத்தியாயரிடம் இருக்கிறதென்றும், அவர் அன்று லீவு என்றும் தெரிந்தது.

இதற்காக அந்த உபாத்தியாயரை வைவது சுலபம். ஆனால் அது நியாயமாகாது. அவர் ஏன் பூட்டுகிறார் என்று யோசித்துப் பார்க்க வேண்டாமா? புஸ்தகக் கணக்கு அவர் பேரில் எழுதப்பட்டிருக்கிறது. தணிக்கைக்கு வருகிறவர் பட்டியலில் இருக்கும் புஸ்தகம் பீரோவில் இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பாரேயொழிய, அதை எத்தனை பிள்ளைகள் படித்தார்கள் என்று கேட்பதில்லை. ஒன்று குறைந்தால் தன் சம்பளத்திலிருந்து கட்ட நேருமோ என்ற பயம் அவருக்கு. பூட்டி வைத்தால் அவருக்கு ஒரு தொல்லையும் இல்லை. கறையான் தின்றால் அது இயற்கை; பிள்ளை தொலைத்தால் அது குற்றம். இந்த முறையை வைத்துக்கொண்டு, பிள்ளைகள் படிப்பதில்லை என்று மேடையில் அழுவதால் என்ன பிரயோஜனம்?

இத்தனைக்கும் மத்திய சர்க்காரின் 2017-ம் வருஷத்துப் பொது நிதி விதிகள் இந்த விஷயத்தில் புத்திசாலித்தனமாகவே நடந்துகொள்ளுகின்றன. ஒரு நூலகத்தில் வருஷத்துக்கு ஆயிரம் புஸ்தகங்கள் எடுத்துக் கொடுக்கப்பட்டால், அதில் ஐந்து தொலைவது நியாயமான நஷ்டமென்றே கொள்ளலாம் என்றும், ஆனால் அது மோசடியாலோ அலட்சியத்தாலோ நேர்ந்ததாயிருக்கக் கூடாது என்றும் அவை சொல்லுகின்றன. கணக்கு எதன் மேல் போடப்பட்டிருக்கிறது என்று கவனிக்க வேண்டும். பீரோவில் இருக்கும் புஸ்தகத்தின் மேல் அல்ல. வெளியே கொடுத்த புஸ்தகத்தின் மேல். அதாவது கொடுக்கிறவனுக்குத்தான் தொலைக்கும் உரிமை உண்டு. இந்த நியாயத்தை ஏன் ஒவ்வொரு கிராமப் பள்ளிக்கும் எழுத்து மூலமாகச் சொல்லக் கூடாது என்பதே நமது கேள்வி.

நிற்க, இதில் நஷ்டமடைகிறவர்கள் யார் என்று பார்ப்போம். பணக்காரன் வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளிப் பீரோ பூட்டியிருந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. அவன் வீட்டில் அலமாரி இருக்கிறது; புஸ்தகக் கண்காட்சிக்குக் கூட்டிப் போகத் தகப்பன் இருக்கிறார். கூலி வேலைக்குப் போகிறவர் வீட்டுப் பெண்ணுக்கோ, அவள் வம்சத்திலேயே எழுத்துக் கூட்டிப் படிக்கும் முதல் ஆள் அவள்தான். பாடப் புஸ்தகத்தைத் தவிர வேறு அச்சடித்த காகிதம் அவள் கண்ணில் படுவது மளிகைக் கடைப் பொட்டலத்தில்தான். அவளுக்கு உலகத்தில் உள்ள ஒரே புஸ்தக அலமாரி அந்தப் பள்ளிப் பீரோதான். அதைப் பூட்டுவது அவள் ஒருத்தியை மாத்திரம் வெளியே நிறுத்திக் கதவைச் சாத்துவதாகும். நீ படிக்கக் கூடாது என்று ஒரு காலத்தில் வாயால் சொன்னார்கள். இன்று வாயால் சொல்லுவதில்லை, பூட்டுச் சொல்லுகிறது. வருஷத்தில் ஒரு நாள் புஸ்தகத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கும்பிடுகிற நாட்டில், மற்ற நாட்களில் ஒரு பிள்ளையின் விரல் அதன் மேல் படக்கூடாதென்றால், நாம் புஸ்தகத்தை மதிக்கிறோமா, அல்லது அதற்குப் பயப்படுகிறோமா?

சீர்காழியில் பிறந்து சென்னை சர்வகலாசாலையின் நூலகராயிருந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் அவர்கள், 1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதிகளை எழுதி வெளியிட்டார். அவற்றில் முதல் விதி, புஸ்தகம் உபயோகத்துக்கே என்பதாகும். முற்கால ஐரோப்பாவில் புஸ்தகங்களைச் சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருந்ததை எடுத்துக் காட்டி அந்த விதியை அவர் விளக்கினார். அதே 1931-ல் மன்னார்குடிப் பக்கத்தில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புஸ்தகங்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார். அன்று மாடு இழுத்துக்கொண்டு போய்க் கிராமத்தானிடம் புஸ்தகத்தைக் கொடுத்தது. இன்று பிள்ளைக்கும் பீரோவுக்கும் இடையே பத்தடி தூரம்தான். அதைக் கடக்க முடியவில்லை!

மற்றொரு பள்ளியில் நாம் கண்டதையும் சொல்ல வேண்டும். அதுவும் சர்க்கார் பள்ளிதான், ஓட்டுக் கட்டிடம்தான். அங்கே பீரோவுக்குப் பதில் வகுப்பறையில் ஒரு கயிறு கட்டி அதில் சிறு புஸ்தகங்களைத் தொங்க விட்டிருந்தார்கள். யார் எதை எடுத்தார்கள் என்ற நோட்டை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே எழுதினார்கள். ஒரு எழுத்தாள அம்மையார் வரப்போகிறார் என்றதும் ஒரு மாதம் முந்தியே அவருடைய கதைகளைப் படித்தார்கள். படிக்கத் தடுமாறுகிறவர்களுக்கு மற்றவர்கள் உரக்கப் படித்துக் காட்டினார்கள். அவர் வந்த நாளில் மாலையும் இல்லை, மேடையும் இல்லை. அவரும் பிள்ளைகளோடு தரையிலேயே உட்கார்ந்தார். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "அம்மா, உங்கள் கதையில் அப்பா பேசுகிறார், தாத்தா பேசுகிறார், பையன் பேசுகிறான். சோறாக்கிப் போடுகிற அம்மா மட்டும் ஒரு வார்த்தை கூடப் பேசவில்லையே, ஏன்?" என்று கேட்டாள். உபாத்தியாயர் பதறிப்போய், "உட்காரு" என்றார். அந்த அம்மையார் அவரைத் தடுத்து, சற்று நேரம் சும்மா இருந்துவிட்டு, "நான் அதைக் கவனிக்கவே இல்லை கண்ணு. இதற்கு என்னிடம் பதில் இல்லை" என்றார்.

நமது அபிப்பிராயத்தில், எழுத்தாளர் வருகையின் முழுப் பயனும் அந்த ஒரு நிமிஷத்தில் அடங்கியிருக்கிறது. அச்சில் வந்ததெல்லாம் உண்மை என்று நம்பியிருந்த ஒரு பிள்ளை, அதை எழுதியவரும் தன்னைப் போல் ஒரு மனிதர்தான், தவறக் கூடியவர்தான், கேள்வி கேட்கத் தக்கவர்தான் என்று கண்டுகொண்டாள். இந்த அறிவை எந்தப் பொன்னாடை கொடுக்கும்? நாம் பள்ளிக்கூடத்தில் கற்றது சொற்பம். முடிதிருத்தும் கடையிலும் டீக்கடையிலும் ஒருவர் பத்திரிகையைப் படிக்க, பத்துப் பேர் சூழ்ந்து கேட்டு, "அது எப்படி?" என்று மறித்துப் பேசியதில் கற்றதே அதிகம். படிப்பது பாதி, மறித்துக் கேட்பது பாதி என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டோம்.

2023-ல் தமிழ்நாட்டில் ஆரம்பிக்கப்பட்ட வாசிப்பு இயக்கத்தில், சிறு புஸ்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்துப் பள்ளிகளுக்குக் கொடுத்தார்கள். பிள்ளையின் சக்தியறிந்து செய்த நல்ல காரியம் அது என்று தாராளமாகப் பாராட்டுகிறோம். ஆனால் நுழைவதற்கே வாசல் திறந்திருக்க வேண்டுமல்லவா?

ஆகவே நாம் கேட்பது பெரிய செலவுள்ள காரியங்கள் அல்ல. ஒன்று, பிள்ளைகளுக்குக் கொடுத்துத் தொலைந்த புஸ்தகத்துக்கு உபாத்தியாயரைப் பொறுப்பாளியாக்குவதில்லை என்று உத்தரவு போட வேண்டும். இரண்டு, தணிக்கைக்கு வருகிறவர் பீரோவை எண்ணுவதற்கு முன் பிள்ளைகள் எடுத்துப் போன நோட்டைப் பார்க்க வேண்டும். மூன்று, புஸ்தகசாலைக்கென்று விட்ட மணி நேரத்தைக் கணக்குப் பாடத்துக்கும் பரீட்சைக்கும் திருடக் கூடாது. நான்கு, படித்ததற்கு மார்க்குப் போட்டு அதையும் ஒரு பரீட்சையாக்கக் கூடாது. எதைப் படிப்பது என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்க வேண்டும். ஐந்து, பிள்ளைகள் படித்து முடிக்கும் முன் எந்த எழுத்தாளரையும் அழைக்கக் கூடாது. அழைத்தால் நேரத்தில் பாதி பிள்ளைகளின் கேள்விக்கு விட வேண்டும். அழைக்கப்படும் எழுத்தாளர்களும், "என் புஸ்தகத்தைப் பிள்ளைகள் படித்திருக்கிறார்களா?" என்று கேட்டுவிட்டு வர ஒப்புக்கொள்ளட்டும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த முறை பள்ளிக்குப் போகும்போது மார்க்கை மாத்திரம் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். இந்த மாதம் என் பிள்ளை எந்தப் புஸ்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தது என்று கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால், பீரோவின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். அது பிள்ளைகளின் கைக்கு வரும் வரையில் கேட்டுக்கொண்டே இருங்கள்.