கைரானாவின் கரும்புக் கணக்கு

உத்தரப் பிரதேசத்தில் ஐந்தில் ஒருவர் முஸ்லிம். ஆனால் 2014 மக்களவைத் தேர்தலில் அந்த மாநிலத்தின் 80 தொகுதிகளில் ஒன்றில்கூட முஸ்லிம் வேட்பாளர் ஜெயிக்கவில்லை. பா.ஜ.க.வும் அதன் சிறு கூட்டாளியும் 73 இடங்களை அள்ளிக்கொண்டன. தலைவர்கள் இத்தனை காலமாகக் கண்ணை மூடிக்கொண்டு நம்பியிருந்த 'வாக்கு வங்கி' ஒரே நாளில் திவாலாயிற்று.

அது ஏன் திவாலானது, பிறகு எப்படி ஓரளவு தலைதூக்கியது என்பதை அறிய ஹரியானா எல்லையை ஒட்டிய கைரானா தொகுதியைவிடப் பொருத்தமான இடம் இல்லை. கரும்பு விளையும் பூமி. வாக்காளர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் முஸ்லிம்கள். இங்கே அரசியல் ஏறக்குறைய இரண்டு குடும்பங்களின் சொத்து. பா.ஜ.க.வின் ஹுக்கும் சிங் குடும்பம் இந்து. ஹசன் குடும்பம் முஸ்லிம். ஆனால் இரண்டுமே குஜ்ஜர்கள், ஒரே குலத்தின் இரு கிளைகள்.

பக்கத்து மாவட்டமான முசாஃபர்நகரில் 2013-இல் மூண்ட கலவரத்தில் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சரண் சிங் காலத்திலிருந்து விவசாயிகள் என்ற பெயரில் ஒன்றாக வாக்களித்துவந்த ஜாட்களும் முஸ்லிம்களும் அதோடு பிரிந்தனர். அடுத்த ஆண்டு ஹசன் குடும்பத்திலேயே சித்தப்பா பகுஜன் சமாஜ் சார்பிலும் அண்ணன் மகன் சமாஜ்வாதி சார்பிலும் எதிரெதிராக நின்றார்கள். ஹுக்கும் சிங் 2 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் வித்தியாசத்தில் ஜெயித்தார். முஸ்லிம் வாக்குகள் சிதறியதுதான் காரணம் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் சித்தப்பா, மகன் இருவரின் வாக்குகளையும் கூட்டினாலும் ஹுக்கும் சிங்கை எட்டவில்லை.

அவர் காலமானதால் 2018 மே மாதம் வந்த இடைத்தேர்தலில் கணக்கு மாறியது. ராஷ்ட்ரீய லோக் தளத்தின் சின்னத்தில் தபஸ்ஸும் ஹசன் நின்றார். சமாஜ்வாதியும் காங்கிரஸும் அவரை ஆதரித்தன; பகுஜன் சமாஜ் வேட்பாளரை நிறுத்தவில்லை; சித்தப்பாவும் ஒதுங்கிக்கொண்டார். அந்தச் சமயத்தில் அலிகார் பல்கலைக்கழகத்தில் தொங்கிய ஜின்னா படத்தைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. ஆலைகளோ கரும்புக்கான பணத்தைப் பாக்கி வைத்திருந்தன. இந்தியில் கரும்புக்கு 'கன்னா' என்று பெயர். 'ஜின்னாவா, கன்னாவா?' என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. ஹுக்கும் சிங்கின் மகள் மிருகாங்கா 44,000-க்கும் அதிகமான வாக்குகளில் தோற்றார். அந்த மக்களவையில் உ.பி.யிலிருந்து நுழைந்த முதல் முஸ்லிம் தபஸ்ஸும்தான்.

கலவரம் நடந்து ஐந்து வருடம்கூட ஆகாத பகுதி அது. அகதி முகாம்களிலிருந்து ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டவர்கள் பலர். ஆனால் அந்தத் தேர்தலில் எடுபட்ட முழக்கம் கரும்பைப் பற்றியது. சிறுபான்மையினர் ஜெயிப்பதற்குக் கொடுக்கும் விலை பல நேரங்களில் இதுதான்: தன் புண்ணைப் பற்றிப் பேசாமல் அண்டை வீட்டாரின் பாக்கியைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

கூட்டணி அமைந்துவிட்டால் வெற்றி உறுதி என்று எண்ணியவர்களுக்கு அடுத்த ஆண்டே அடி விழுந்தது. 2019-இல் சமாஜ்வாதி, பகுஜன் சமாஜ், லோக் தளம் மூன்றும் வெளிப்படையாகவே கைகோத்தன. வேட்பாளரும் அதே தபஸ்ஸும். தோல்வியோ சுமார் 92,000 வாக்குகளில். காங்கிரஸ் தனியே நிறுத்திய ஜாட் வேட்பாளர் வாக்கைப் பிரித்தார் என்று பழி போடவும் வழியில்லை. அவருக்குக் கிடைத்தது அதைவிடக் குறைவு. புல்வாமாவுக்கும் பாலாகோட்டுக்கும் பிறகு வந்த தேர்தல் அது. கட்சிகள் மேடையில் சேர்ந்தன. எந்தக் கட்சிக்கும் தங்களை எழுதிக்கொடுத்துவிடாத வாக்காளர்கள் வேறு பக்கம் நடந்தார்கள்.

2024-இல் நிலைமை இன்னும் மோசமாகத் தோன்றியது. லோக் தளத்தின் ஜெயந்த் சௌத்ரி பா.ஜ.க. அணிக்குப் போய்விட்டார். பகுஜன் சமாஜ் தனியாக ஒரு டாக்கூரை நிறுத்தியது. சமாஜ்வாதி வேட்பாளர் தபஸ்ஸுமின் மகள் இக்ரா ஹசன், 30 வயதைத் தொடாதவர், லண்டனில் படித்தவர். 2022-இல் அண்ணன் சிறையில் இருந்தபோது அவருக்காக வீடு வீடாக ஓட்டுக் கேட்டு ஜெயிக்கவைத்த அனுபவம் அவருக்கு உண்டு. இந்த முறை 69,116 வாக்குகளில் அவரே ஜெயித்தார். மாநிலத்தில் பா.ஜ.க. 62-லிருந்து 33 இடங்களுக்கு இறங்கியது.

இதில் இளைஞர்களின் பங்கு என்ன? நாட்டின் 96 கோடிக்கும் அதிகமான வாக்காளர்களில் 18, 19 வயதினர் சுமார் 1.8 கோடிதான், இரண்டு சதவீதம்கூட இல்லை. ஆனால் மேற்கு உ.பி.யில் ராணுவத்தில் சேர விடியற்காலையில் சாலையில் ஓடிப் பயிற்சி எடுக்கும் பையன் இல்லாத கிராமம் அபூர்வம். அக்னிபத் திட்டம் 2022-இல் அந்த வேலையைப் பெரும்பாலோருக்கு நான்கு வருடமாகச் சுருக்கியது. 60,244 போலீஸ் இடங்களுக்கு சுமார் 48 லட்சம் பேர் விண்ணப்பித்த தேர்வு, வினாத்தாள் வெளியானதால் 2024 பிப்ரவரியில் ரத்தானது. இரண்டே மாதத்தில் வாக்குப்பதிவு. வேலை கிடைக்காத பையனுக்கு ஓட்டு ஒன்றுதான். அவனுடைய அப்பா, அம்மா, அக்காளின் ஓட்டுகளும் அதே கோபத்தோடு போகின்றன என்பதைக் கட்சிகள் கணக்கில் எடுப்பதில்லை.

சிறுபான்மையினர் கணிசமாக இருந்தாலே போதும் என்ற நினைப்பும் அதே ஆண்டு நவம்பரில் மொராதாபாத் அருகே குந்தர்க்கி சட்டமன்ற இடைத்தேர்தலில் உடைந்தது. வாக்காளர்களில் பெரும்பான்மையினரே முஸ்லிம்கள். நின்ற 12 பேரில் 11 பேர் முஸ்லிம்கள். மீதி ஒருவரான பா.ஜ.க.வின் ராம்வீர் சிங் சுமார் 1.44 லட்சம் வாக்குகள் வித்தியாசத்தில் ஜெயித்தார். முஸ்லிம்களும் தங்களுக்கு வாக்களித்தார்கள் என்கிறது பா.ஜ.க.; போலீஸை வைத்துத் தங்கள் வாக்காளர்களைச் சாவடிக்குப் போகவிடாமல் தடுத்தார்கள் என்கிறது சமாஜ்வாதி.